போன் வீடு திரும்பும் நேரம்: பள்ளி மூடியிருக்கும் நாட்களில் மாணவர்களுக்குத் துணையிருக்க வருபவர்களுக்கான வழிகாட்டி

2020 மார்ச்சில் மூடப்பட்ட நம் பள்ளிகளில், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் 2021 ஜனவரி 19 அன்றுதான் திறந்தன. சில மாதங்களில் மறுபடி மூடி, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் செப்டம்பர் 1 அன்று மீண்டும் தொடங்கின. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. பழைய வாட்சாப் குழுக்கள் மீண்டும் உயிர் பெற்றன. வீட்டில் இருந்தபடி படிக்க வேண்டிய நாட்கள் இனியும் வரும் என்பதால், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் துணையாக முதன்முறை வருகின்ற புதிய ஆசிரியர்களுக்காகவும், கல்லூரியில் படிக்கும் தன்னார்வலர்களுக்காகவும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பெருந்தொற்றின் முதல் வாரத்தில் நான் செய்த பிழையிலிருந்து தொடங்குவது பயன்படும். என் வகுப்புக் குழுவில் பாடக் குறிப்புகளையும் காணொளி இணைப்புகளையும் நாள்தோறும் அனுப்பினேன். நீல நிறக் குறிகள் விழுந்தன. பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று நம்பினேன். மூன்றாவது வாரம் ஒரு மாணவியின் வீட்டுக்கு அழைத்தபோது, அந்தப் போன் ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கும் அவளுடைய அண்ணனிடம் இருப்பதும், செய்திகளை எல்லாம் திறந்து பார்த்தவர் அவர்தான் என்பதும் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் அவள் ஒரு வரி கூடப் பார்த்திருக்கவில்லை. இன்னொரு வீட்டில் தாயார் சொன்னதை அப்படியே தருகிறேன்: “போனு அவரு எடுத்துகினு போயிடறாரு சார், ராத்திரி எட்டு மணிக்கு மேல கூப்புடுங்க.” நம் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் ஸ்மார்ட்போன் குடும்பத்தின் பொருள்; அதுவும் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போய் இரவில் திரும்பி வரும் பொருள். ஆகவே உங்கள் திட்டம் முழுவதும் அந்தப் போன் வீடு திரும்பும் நேரத்தைச் சுற்றி அமைய வேண்டும். பேசுவதற்குப் போன், படிப்பதற்குத் தாள் என்று பிரித்துக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

முதல் வேலை: அனுமதியும் ஒரு நோட்டும்

தலைமையாசிரியரிடம் சொல்லி, அவர் தரும் பட்டியலின்படிதான் மாணவர்களை அழைக்க வேண்டும். பெற்றோரிடம் முதலில் நீங்கள் பேசி, யார், எதற்காக, எந்த நாளில், எந்த நேரத்தில் அழைப்பீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். மாணவியரிடம் பேசும்போது வீட்டுப் பெரியவர் அருகில் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோ அழைப்பும் தனிப்பட்ட படங்களும் வேண்டவே வேண்டாம். இது உங்களையும் காக்கும், பிள்ளையையும் காக்கும்.

எட்டுப் பேருக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவருக்கு வாரம் இரண்டு அழைப்பு, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம் என்றால் எட்டுப் பேருக்கு வாரம் நான்கு மணி நேரம் ஆகும். அதற்கு மேல் ஏற்பவர்கள் இரண்டாவது மாதமே களைத்து நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வருவதாகச் சொன்ன அழைப்பு வராமல் போவது, தொடக்கத்திலேயே அழைக்காமல் இருந்ததை விடப் பிள்ளையை அதிகம் புண்படுத்துகிறது.

ஒரு நோட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதல் அழைப்பில் பாடம் எதையும் கேட்காமல் இவற்றை மட்டும் அறிந்து எழுதுங்கள்: போன் யாருடையது, வீட்டுக்கு எப்போது வரும், ஸ்மார்ட்போனா பட்டன் போனா, சிக்னல் எங்கே கிடைக்கும், ரீசார்ஜ் எப்போது தீரும், வீட்டில் பேசும் மொழி எது, பள்ளி இல்லாத நாளில் அந்தப் பிள்ளை என்ன வேலைக்குப் போகிறது. கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கம் பறிப்புக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும், புளி இறங்கும் மாதங்களில் வீட்டுத் திண்ணையிலேயே புளி தட்டுவதற்கும், பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டங்களுக்கும் பிள்ளைகள் போகிறார்கள். எந்த மாதம் யார் களைத்திருப்பார்கள் என்பதை இந்த ஒரு கேள்வியே உங்களுக்குச் சொல்லிவிடும்.

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற மலை ஊர்களிலும் காட்டோர ஊர்களிலும் சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்கும் பிள்ளைகள் உண்டு. காட்டோரத்தில் மாலைக்குப் பிறகு யானை நடமாட்டம் இருக்கும். அங்கே இருட்டிய பின் அழைப்பு வைத்தால் உங்களுக்காக ஒரு பிள்ளை வெளியே வந்து நிற்கும். அத்தகைய ஊர்களுக்குப் பகலில் ஒரு நேரத்தைத் தேடுங்கள். இல்லையேல் போனை மறந்துவிட்டுத் தாளையே நம்புங்கள்.

தாளை எப்படிச் சேர்ப்பது? பெரும்பாலான ஊர்களில் பால் சொசைட்டி காலையிலும் மாலையிலும் திறக்கிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் பால் ஊற்ற வருகிறார். செயலாளரிடம் கேட்டு ஒரு பையை அங்கே தொங்கவிட்டால், வாரம் ஒரு முறை பயிற்சித் தாள்கள் போகவும், எழுதிய தாள்கள் திரும்பி வரவும் அதுவே போதும். இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு ஜெராக்ஸ் காசு மட்டுமே.

வாசிப்பு

என் அனுபவத்தில், பள்ளி மூடும்போது முதலில் தேய்வது வாசிக்கும் திறன். கணக்கை மறந்த பிள்ளை தானாகவே சொல்லும்; வாசிப்பில் பின்தங்கிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதை வெளியே சொல்லாது, வெட்கப்படும். ஆகவே நீங்கள்தான் மென்மையாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது அழைப்பில், கையில் இருக்கும் பாடநூலில் அவர்களுக்குப் பிடித்த ஒரு பக்கத்தை எடுத்துப் பத்து வரி வாசிக்கச் சொல்லுங்கள். இடையில் திருத்தாதீர்கள். எங்கே நிற்கிறார்கள், எந்தச் சொல்லைத் தாண்டிப் போகிறார்கள், நிறுத்தற்குறியைக் கவனிக்கிறார்களா என்பதை நோட்டில் குறியுங்கள். முடித்ததும் “இதில் என்ன சொல்லியிருக்கிறார்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி. தடங்கலின்றி வாசித்துவிட்டுப் பொருள் சொல்ல முடியாத பிள்ளைக்கும், தடுமாறி வாசித்தாலும் பொருளைப் பிடித்துவிடும் பிள்ளைக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. முதலாமவருக்குப் பத்தி பத்தியாக நிறுத்திப் பேச வேண்டும். இரண்டாமவருக்குத் தினமும் சத்தமாக வாசிக்கும் பழக்கம் வேண்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் குடும்பங்களும் நிறைய. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் பள்ளியில் மட்டுமே காதில் விழும் மொழியாக இருக்கலாம். பள்ளி மூடினால் அந்த ஓசையும் நின்றுபோகிறது. இவர்களுக்கு நீங்கள் வாசித்து அனுப்பும் குரல் பதிவு பெரிய உதவி. மூன்று நிமிட வாட்சாப் குரல் பதிவு ஒரு எம்.பி.க்கும் குறைவாகவே ஆகும். அரைமணி நேரக் காணொளியோ நூறு எம்.பி.யைத் தாண்டிவிடும். போன் வீட்டுக்கு வந்த இரவில் பதிவைக் கேட்டுக்கொண்டே நூலில் விரல் வைத்து வரிகளைத் தொடரச் சொல்லுங்கள். மறுநாள் போன் இல்லாதபோது அதே பக்கத்தைத் தாமே வாசித்துக்கொள்வார்கள்.

அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை வாசிக்கவும் ஒரு முறை சொல்லிக்கொடுக்க வேண்டும், ஏனெனில் அதை யாரும் தனியாகக் கற்றுத் தருவதில்லை. முதலில் தலைப்பும் படமும், அடுத்துப் பாடத்தின் முடிவில் உள்ள வினாக்கள், அதன் பிறகே பத்திகள். ஒவ்வொரு பத்தியை முடித்ததும் பென்சிலால் ஓரத்தில் சொந்த நடையில் ஒரு வரி எழுத வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதினாலும் தவறில்லை. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை “சவ்வூடு பரவல்” போன்ற சொல்லில் இடறினால், ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுவதைக் கேளுங்கள். மாங்காய் தெரியாத பிள்ளை கிருஷ்ணகிரியில் கிடையாது. பாடநூலில் உள்ள கியூஆர் குறியீடுகளும், 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் துணைக்கு நல்லவை. டிவி உள்ள வீட்டில் போனை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பாடத்துக்கு வெளியே என்ன வாசிப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்றால் சொந்த மண்ணைத் தொடும் ஒன்றைக் கொடுங்கள். பர்கூருக்கு அருகிலுள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட செய்தியை நான் வெட்டி ஒட்டி ஒரு தாளாக்கிக் கொடுத்திருக்கிறேன்; எதையும் வாசிக்க மறுத்த ஒரு மாணவன் அதை மூன்று முறை வாசித்தான், அந்தப் பாறையைத் தாண்டித்தான் அவன் மாடு ஓட்டிப் போகிறான் என்பதால். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தியும், தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களும், தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜியும், பாப்பாரப்பட்டியில் மறைந்த சுப்பிரமணிய சிவாவும் இப்படித் தொடங்க உதவுவார்கள். கிளை நூலகம் திறந்திருந்தால் உறுப்பினராக்கிவிடுங்கள். இணையம் கிடைக்கும் வீடுகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் மதுரைத் திட்டமும் கட்டணமின்றி நூல்களைத் தருகின்றன.

படிப்புத் தேர்வு

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை எந்த குரூப் எடுப்பது என்பதை, பள்ளி நடக்கும்போது ஆசிரியர் அறை வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பள்ளி மூடியிருந்தால் அந்த இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரரும், விளம்பரத் தாள்களும், பெங்களூருக்குப் போய் வந்த உறவினரும் நிரப்பிவிடுகிறார்கள். எனவே “என்ன ஆகப் போகிறாய்?” என்று கேட்காமல், “வீட்டுப்பாடத்தில் முதலில் எதை எடுக்கிறாய், எதைக் கடைசிக்குத் தள்ளுகிறாய்?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரங்கள் அதைக் குறித்துவந்தாலே பிள்ளையின் போக்கு தெரியும்.

பிறகு, எந்தக் கதவு எதனால் மூடும் என்பதைச் சொல்லுங்கள். உயிரியல் இல்லாத குரூப் எடுத்தால் நீட் எழுதி மருத்துவம் போகும் வழி கடினமாகும். கணக்கு இல்லாத அறிவியல் குரூப் எடுத்தால் பொறியியல் கலந்தாய்வில் பெரும்பாலும் இடமில்லை, ஏனெனில் அங்கே தரவரிசை கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை வைத்தே போடப்படுகிறது. கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் இரண்டு வழியையும் திறந்து வைக்கும், சுமையும் அதிகம். வணிகவியலையும் வரலாற்றையும் “மார்க் இல்லாதவர்களுக்கு” என்று ஒதுக்கும் பேச்சை நீங்கள் ஒருபோதும் எடுக்கக் கூடாது; போட்டித் தேர்வுகளுக்கும், வங்கி, கணக்காளர் வேலைகளுக்கும் அவை நேரான வழிகள்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு பாலிடெக்னிக் படித்தால், பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு சேரலாம். கையில் வேலை பழகிக்கொண்டே மேலே போக முடியும் என்ற இந்த ஏணி, ஓசூரின் தொழிற்சாலைகளைப் பார்த்து வளரும் பையன்களுக்கு மிகவும் பொருந்தும். படிப்பை விட்டுவிட்டு அந்த ஆலை வாசலுக்கே போக நினைக்கும் பையனிடம் “படி, படி” என்று சொல்வதை விட இந்த ஏணியை வரைந்து காட்டுவது பலன் தருகிறது. உள்ளூரிலேயே உள்ள கல்லூரிகளையும் சொல்லுங்கள்: பர்கூரிலும் தருமபுரியிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள், இரண்டு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளும் அரசு கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன.

பெற்றோரிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாணவியருக்கும், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் உயர்கல்வியில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. பிளஸ் ஒன்னுக்கு மட்டும் கடன் வாங்கி வெளியூர் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர், இந்த 7.5 விழுக்காட்டு உரிமையைத் தாங்களே கைவிடுகிறார்கள் என்பதை அறியாமலே அப்படிச் செய்கிறார்கள். மாட்டை விற்கும் முன்னே அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சான்றிதழ்களை முன்கூட்டியே தேடச் சொல்லுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் தருவதால் விசாரணைக்குக் காலம் பிடிக்கும். மலை ஊர்ப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

மனமும் உடலும்

ஒவ்வொரு அழைப்பையும் “என்ன சாப்பிட்டாய்?” என்று தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி மூடுவது என்றால் மதியச் சத்துணவு நிற்பது என்றும் பொருள். இந்தக் கேள்விக்கு வரும் விடையில் வீட்டு நிலைமையும், தூங்கி எழுந்த நேரமும், பிள்ளையின் மனநிலையும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

குரலைக் கவனிக்கப் பழகுங்கள். வழக்கமாகப் பேசுபவர் “ம்”, “இல்ல” என்று முடித்துக்கொள்வது, பகல் முழுவதும் தூங்குவது, தாள்கள் திரும்பி வராமல் நின்றுபோவது, பிடித்த விளையாட்டைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு எழாமல் இருப்பது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். அப்போது அறிவுரை வேண்டாம். “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்ற சொல் வாயில் வரவே கூடாது. கேட்டுக்கொண்டிருப்பதே உங்கள் வேலை. ஆனால் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். “உன் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் ஒருவரிடம் மட்டும் சொல்வேன்” என்று முதலிலேயே கூறிவிடுங்கள்.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அல்லது சுற்றி வளைத்து அப்படிப் பேசினால், அழைப்பைத் துண்டிக்காதீர்கள். நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பெரியவரைப் போனில் வரவழைத்து, பிள்ளையைத் தனியே விடக் கூடாது என்றும், தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. தேர்வு முடிவு வரும் நாளன்று உங்கள் எட்டுப் பேரையும் நீங்களே முந்திக்கொண்டு அழையுங்கள், மதிப்பெண் எதுவாக இருந்தாலும்.

மாணவியர் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. நம் இரண்டு மாவட்டங்களிலும் இளவயதுத் திருமணம் இன்னும் நடக்கிறது. பள்ளி மூடும் காலத்தில் அது எளிதாகிவிடுகிறது. எண் திடீரென மாறுவது, “பாட்டி ஊருக்குப் போயிருக்கா” என்று இரண்டு மூன்று அழைப்புகளுக்கு ஒரே விடை வருவது, பிள்ளையைப் பேச விடாமல் வேறு யாராவது பேசுவது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பதே 2006-ஆம் ஆண்டுச் சட்டம் குறிக்கும் வயது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தெரிவித்தால் அழைத்தவரின் பெயரை வெளியிட மாட்டார்கள். பாலியல் துன்புறுத்தல் என்று ஐயம் எழுந்தாலும் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை. நீங்களே விசாரணை நடத்தக் கூடாது.

பள்ளி திறக்கும் வாரம்

திறக்கும் நாளுக்கு முன்பே நோட்டை வகுப்பாசிரியருடன் உட்கார்ந்து ஒரு முறை புரட்டுங்கள்; வாசிப்பில் யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எந்தச் சான்றிதழ் வர வேண்டியிருக்கிறது என்பதை ஒப்படையுங்கள். பிள்ளை நம்பிச் சொன்ன சொந்தச் செய்திகள் அந்த நோட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள், தெரிய வேண்டியவரிடம் வாய்மொழியாகச் சொல்லுங்கள். முதல் மூன்று நாள் வருகைப் பதிவேட்டை உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வராத பிள்ளையின் எண்ணுக்கு அன்றிரவு, போன் வீட்டுக்கு வந்த பிறகு அழையுங்கள். எடுக்கவில்லை என்றால் நான்காம் நாள் காலையில் தலைமையாசிரியரையோ மேலாண்மைக் குழு உறுப்பினரையோ உடன் அழைத்துக்கொண்டு, பால் ஊற்றும் நேரத்தில் அந்த ஊருக்குப் போங்கள். வீட்டில் ஆள் இருக்கும் நேரம் அதுதான்.